அலமாரியைத் தாண்டும் ஆய்வேடு

சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டுப் பாலத்தில் நின்று கிழக்கே பார்த்தால் கடல்; மேற்கே பார்த்தால் கழி. இரண்டுக்கும் நடுவே ஒரு மணல் திட்டு. கோடையில் அது வளர்ந்து முகத்துவாரத்தை அடைக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வெள்ளம் வந்து அதை உடைத்துக்கொண்டு கடலுக்குப் போகும். இந்தத் திட்டை எப்போது வெட்டலாம், யார் வெட்டலாம் என்று கேட்டுப் பாருங்கள். வெள்ளம் நீர்வளத் துறையின் பொறுப்பு. மீன், மீன்வளத் துறையின் பொறுப்பு. படகுச் சவாரி தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் கையில். கழியோடு சேரும் பக்கிங்காம் கால்வாய் தேசிய நீர்வழி. கரையில் எதையாவது கட்டவோ தோண்டவோ கடலோர மண்டல மேலாண்மை ஆணையம் தலையசைக்க வேண்டும். இத்தனைக்கும் அப்பால், அரசுப் பதிவேடு எதிலும் இல்லாத இன்னொரு அதிகாரமும் இந்தக் கரையில் உண்டு. அது மீனவ ஊர்களின் ஊர்ப் பஞ்சாயத்து.

ஒரே முகத்துவாரத்துக்கு இத்தனை அதிகாரங்கள். அரசியல் அறிவியல் படிக்கும் முதுநிலை மாணவி ஒருவர் இதையே ஆய்வுக்கு எடுத்துக்கொண்டார் என்று வைத்துக்கொள்வோம். கோப்புகளைப் புரட்டுகிறார், குப்பங்களில் உட்கார்ந்து பேசுகிறார், உண்மையில் முடிவெடுப்பது யார் என்று கண்டுபிடித்துவிடுகிறார். அடுத்தது என்ன? ஆய்வேட்டுக்குக் காலிகோ பைண்டிங் போட்டு, முதுகில் பொன்னெழுத்தில் தலைப்பு அச்சடித்து, துறை நூலகத்து அலமாரியில் வைத்தால் வேலை முடிந்ததா? அங்கேதான் வேலையின் மறுபாதி தொடங்குகிறது. அந்த மறுபாதிக்காக உலகம் கட்டி வைத்திருக்கும் ஏற்பாடுகள் ஒவ்வொன்றும் ஒரு நுட்பம்.

எதற்காக இவ்வளவு ஏற்பாடு என்பதற்கு விடையும் முட்டுக்காட்டிலேயே இருக்கிறது. மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனத்துக்கு இங்கே ஒரு பரிசோதனை நிலையம் உண்டு. கொடுவா மீனைத் தொட்டியில் வைத்தே முட்டையிடச் செய்யும் வித்தையை அந்நிறுவனம் 1997இல் கைவசமாக்கியது. அதன் விஞ்ஞானியிடம் ‘உங்கள் ஆய்வு சரியா?’ என்று கேட்டால் ஒரு வாளி மீன்குஞ்சைக் காட்டலாம். குஞ்சு நீந்தினால் ஆய்வு சரி. அரசியல் ஆய்வாளரிடம் காட்டுவதற்கு அப்படி எதுவும் இல்லை. ஒரு தேர்தலைத் திரும்ப நடத்திப் பார்க்க முடியாது. ஒரு போராட்டத்தைத் தொட்டிக்குள் வளர்த்துப் பார்க்க முடியாது. அவருக்கு இருக்கும் ஒரே சோதனைச்சாலை, மற்றவர்களின் கேள்வி. அரசியல் ஆய்வைப் பகிர்வது என்றால் அதைச் சோதனைக்கு உட்படுத்துவது என்றே பொருள்.

சோதனையின் முதல் மேடை வகுப்பறையின் செமினார் மேசை. அங்கே தொடங்கும் ஒரு பேப்பர் எவ்வளவு தூரம் போக முடியும்? 1960களின் தொடக்கத்தில் லாஸ் ஏஞ்சலஸ் நகரின் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் வின்சென்ட் ஆஸ்ட்ரம் என்ற பேராசிரியர் தன் செமினார் மாணவர்களுக்கு ஆளுக்கொரு நிலத்தடி நீர்ப்படுகையைப் பிரித்துக் கொடுத்தார். எலினார் என்ற மாணவிக்கு வந்தது, கடலோரத்து மேற்குப் படுகை. அங்கே ஆளாளுக்குக் கிணறு தோண்டி இறைத்ததில் நீர்மட்டம் கீழே போய், கடல்நீர் உள்ளே ஏறிக்கொண்டிருந்தது. கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் வீடு வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கதையை விளக்க வேண்டியதில்லை. மேற்குப் படுகையின் நீர் நிறுவனங்களும் நகராட்சிகளும் கூடிப் பேசி, நீதிமன்றம் போய், இறைப்பதற்கு அளவு வைத்து, கரையோரம் நல்ல நீரைப் பூமிக்குள் செலுத்திக் கடலைத் தடுத்தன. மேலிருந்து ஒரே அரசு உத்தரவிடாமல், தனியார் கைக்கும் விட்டுவிடாமல், நீரைப் பயன்படுத்துவோரே விதி வகுத்துக்கொண்டது எப்படி என்பதே எலினாரின் கேள்வி. 1965இல் அது முனைவர் பட்ட ஆய்வேடானது. 1990இல் உலகெங்கும் உள்ள பொதுச் சொத்துகளைப் பற்றிய நூலாக விரிந்தது. 2009இல் பொருளாதார நோபல் பரிசு எலினார் ஆஸ்ட்ரமுக்குக் கிடைத்தது. அந்தப் பரிசைப் பெற்ற முதல் பெண் அவர். படித்ததோ அரசியல் அறிவியல்.

செமினாரில் பேசிப் பேசி ஆய்வை வளர்த்தவர் என்பதால், பேசும் முறையையே செதுக்குவதிலும் எலினாருக்கு அக்கறை இருந்தது. வின்சென்ட்டும் அவரும் 1973இல் இண்டியானா பல்கலைக்கழகத்தில் ஒரு ஆய்வு மையத்தைத் தொடங்கி, அதற்குப் ‘பட்டறை’ என்று பெயர் வைத்தார்கள். மர வேலைப் பட்டறையில் பழகுபவர் ஆசாரியின் பக்கத்தில் நின்று தொழில் கற்பதுபோல, மாணவர் பேராசிரியரின் பக்கத்தில் நின்று ஆய்வு கற்க வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். பருவ முடிவில் அங்கே ஒரு சிறு மாநாடு நடக்கும். அதன் விதி விசித்திரமானது: கட்டுரையை எழுதியவர் அதை வாசிக்கக் கூடாது. வேறொருவர் அதைப் படித்துவந்து, தான் புரிந்துகொண்டபடி சபைக்குச் சொல்வார். எழுதியவர் வாயை மூடிக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். அவருடைய முறை பிறகுதான் வரும். எவ்வளவு எளிய ஏற்பாடு, எவ்வளவு கூர்மை! தான் நினைத்ததற்கும் தாளில் இருப்பதற்கும் உள்ள தூரத்தை எழுதியவர் அந்தச் சில நிமிடங்களில் காதாலேயே அளந்துவிடுவார்.

தமிழ்நாட்டிலும் இந்த மரபு இருந்தது. அதுவும் பல்கலைக்கழக வளாகத்துக்கு வெளியே. பேராசிரியர் நா. வானமாமலை 1967இல் நெல்லை ஆய்வுக் குழுவைத் தொடங்கினார். இளைஞர்களும் மாணவர்களும் ஆசிரியர்களும் கூடிக் கட்டுரை வாசிப்பார்கள், விவாதிப்பார்கள். 1969இல் அவர் தொடங்கிய ‘ஆராய்ச்சி’ இதழ் அவர்களின் எழுத்துக்கு மேடையானது. சமூகம், அரசியல், நாட்டார் வழக்காறு என்று விரிந்த அந்தக் குழுவிலிருந்து தமிழுக்கு முக்கியமான ஆய்வாளர்கள் பலர் கிடைத்தார்கள். பெரிய அரங்கோ பெரிய நிதியோ இல்லாமல், கட்டுரையை முன்கூட்டிப் படித்துவிட்டு வந்து கேள்வி கேட்கும் நாலு பேர் இருந்தாலே மேடை அமைந்துவிடும் என்பதற்கு அந்தக் குழு சாட்சி.

நம் மாணவி செமினார் மேசையைத் தாண்டிவிட்டார். அடுத்தது மாநாடு. அதன் வாசலில் ஒரு குறுகலான கதவு இருக்கிறது: ஆய்வுச் சுருக்கம். ஆய்வின் கேள்வி, முறை, முடிவு மூன்றையும் சுமார் 300 சொல்லில் அடக்கிய பத்தி அது. முனைவர் பட்ட ஆய்வேடு 80,000 சொல் என்று வைத்தால், 267 சொல்லுக்கு ஒரு சொல் வீதம் சுருங்குகிறது. மாநாடு நடத்துபவர்கள் இந்தப் பத்தியை மட்டும் வைத்தே கூப்பிடுவதா வேண்டாமா என்று தீர்மானிக்கிறார்கள். அதனால் ‘இந்த ஆய்வு கடலோர நிர்வாகத்தைப் பற்றி ஆராய்கிறது’ என்று எழுதினால் போதாது. ‘மணல் திட்டை வெட்டும் முடிவு துறை அலுவலகத்துக்குப் போவதற்கு முன்பே ஊர்ப் பஞ்சாயத்தில் எடுக்கப்பட்டுவிடுகிறது’ என்று முடிவைப் போட்டு உடைக்க வேண்டும். சுருக்கத்தில் முடிவை ஒளித்துவைப்பதுதான் புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் பிழை.

மாநாட்டு அரங்கில் ஒரு அமர்வு என்பது ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். அதில் நாலு பேப்பர், ஒரு தலைவர், ஒரு எதிருரையாளர். ஒருவருக்குக் கிடைப்பது 15 நிமிடம். முழு ஆய்வேட்டையும் நிறுத்தாமல் வாசித்தால் 9 மணி நேரம் ஆகும். காலை ஒன்பதுக்கு ஆரம்பித்தால் மாலை ஆறு. 15 நிமிடம் அதில் 36இல் ஒரு பங்கு. எதை விடுவது என்று தெரிந்தவர்தான் இங்கே பிழைப்பார். எதிருரையாளரின் வேலை இன்னும் நுட்பமானது. நாலு கட்டுரையையும் முன்பே படித்து, அவற்றின் ஓட்டைகளைச் சுட்டிக்காட்டி, ஒன்றோடொன்றை மோதவிட்டு, தனித்தனியாக எழுதிய நாலு பேரும் ஒரே கேள்வியைச் சுற்றித்தான் வந்திருக்கிறார்கள் என்று காட்டுவது அவர் கடமை. முட்டுக்காட்டு முகத்துவாரமும் கேரளத்துக் காயலும் சில்கா ஏரியும் ஒரே மேசைக்கு வருவது இப்படித்தான்.

15 நிமிடம் போதாது என்று நினைத்தவர்கள் வேறு வடிவம் கண்டுபிடித்தார்கள். ஐரோப்பிய அரசியல் ஆய்வுக் கூட்டமைப்பு 1970இல் உருவானது. 1973இல் ஜெர்மனியின் மன்ஹைம் நகரில் அது ஒரு புதுவகைக் கூட்டத்தைத் தொடங்கியது. ஒரே தலைப்பில் எழுதும் சிறு குழு ஒரு அறைக்குள் போகும். சில நாட்கள் அதே அறை, அதே ஆட்கள். தன் கட்டுரையை வாசித்துவிட்டு ஊரைச் சுற்றிப் பார்க்கக் கிளம்ப முடியாது. எல்லோரும் எல்லோருடைய கட்டுரையையும் படித்திருக்க வேண்டும். முதுநிலை மாணவரும் மூத்த பேராசிரியரும் ஒரே மேசையில் உட்கார்ந்து ஒருவரை ஒருவர் திருத்துவார்கள். இந்தியாவில் இந்தத் துறையின் பெரிய கூடம் 1938இல் தொடங்கிய இந்திய அரசியல் அறிவியல் சங்கம். மறு ஆண்டே அதன் ஆய்விதழும் வந்துவிட்டது. நாடு விடுதலை பெறுவதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன்பே, அரசைப் பற்றி ஆராய்ந்து எழுத ஓர் இதழ்!

பேசக் கூச்சமாக இருக்கும் மாணவர்களுக்குப் போஸ்டர் அமர்வு. ஆய்வு முழுவதும் ஒரே தாளில் சுவரில் தொங்கும். மாணவர் பக்கத்தில் நிற்பார். வருகிறவர்கள் கேட்டால் விளக்குவார். அதற்கு வழக்கமான தாள் ஏ-0. அதன் பரப்பு ஏறக்குறைய ஒரு சதுர மீட்டர். நாம் ஜெராக்ஸ் எடுக்கும் ஏ-4 தாள் பதினாறைச் சேர்த்து ஒட்டினால் வரும் அளவு. மேடையில் இருப்பவரிடம் ஒரு கேள்வி கேட்கவே கை தூக்கிக் காத்திருக்க வேண்டும். போஸ்டர் பக்கத்தில் பத்து நிமிடம் நின்று பேசலாம், வரைபடத்தில் விரல் வைத்துச் சண்டை போடலாம்.

இன்னும் சுருக்க முடியுமா? முடியும் என்று காட்டியது ஒரு வறட்சி. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் தண்ணீர்ப் பஞ்சம். குளியலைச் சுருக்கச் சொல்லி அரசு கேட்டுக்கொள்ள, பலர் குளியலறைச் சுவரில் மூன்று நிமிட மணல் கடிகாரத்தை ஒட்டி வைத்துக்கொண்டார்கள். மணல் தீர்ந்தால் குழாயை மூட வேண்டும். அதைப் பார்த்துவிட்டுக் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தின் ஆலன் லாசன், ஆய்வையும் மூன்று நிமிடத்தில் சொல்லச் சொன்னால் என்ன என்று யோசித்தார். 2008இல் ‘மூன்று நிமிட ஆய்வேடு’ போட்டி பிறந்தது. அசையாத ஒரே ஒரு படம், மூன்று நிமிடம், கேட்பவர்கள் துறைக்கு வெளியே உள்ளவர்கள். 9 மணி நேர ஆய்வேட்டில் அது 180இல் ஒரு பங்கு. இன்று பல நாடுகளில் நூற்றுக்கணக்கான பல்கலைக்கழகங்கள் இதை நடத்துகின்றன. 2019இல் குடத்தோடு லாரிக்குக் காத்து நின்ற சென்னைவாசிகளுக்கு இந்தப் பிறப்புக் கதை நன்றாகவே புரியும்.

பேசியாயிற்று. இனி அச்சு. ஆய்விதழில் கட்டுரை வருவதற்குள் அது கடக்கும் சடங்குக்குச் சக மதிப்பாய்வு என்று பெயர்; அதே துறையில் உள்ள வேறு அறிஞர்கள் படித்துத் தீர்ப்புச் சொல்வது. அரசியல் இதழ்கள் பெரும்பாலும் இருவழி மறைப்பைப் பின்பற்றுகின்றன. எழுதியவர் யார் என்று படிப்பவருக்குத் தெரியாது. படித்தவர் யார் என்று எழுதியவருக்குத் தெரியாது. பெயரை அடித்துவிட்டால் மட்டும் மறைந்துவிடாது. ‘நான் முன்பு எழுதியதுபோல’ என்ற வரியை மாற்ற வேண்டும். நன்றியுரையை நீக்க வேண்டும். கோப்பின் பண்புப் பட்டியலில் கணினி தானாகவே எழுதி வைத்திருக்கும் பெயரைக்கூடத் தேடிப் பிடித்து அழிக்க வேண்டும். அப்படி அழித்தபின், முட்டுக்காட்டு மாணவியின் கட்டுரையும் உலகப் புகழ்பெற்ற பேராசிரியரின் கட்டுரையும் ஒரே தராசில் ஏறுகின்றன. சாதி, ஊர், கல்லூரி, ஆங்கில உச்சரிப்பு எதுவும் அந்தத் தராசுக்குத் தெரியாது. முதல் தலைமுறையாகப் பட்டம் வாங்கும் மாணவிக்கு இதைவிடப் பெரிய மரியாதை எது?

இவ்வளவு கறாரான இந்த வழக்கம் நாம் நினைப்பதைவிட இளையது. ‘நேச்சர்’ இதழ் கட்டுரைகளை வெளி அறிஞர்களுக்கு அனுப்புவதை ஒழுங்கான நடைமுறையாக்கியது 1973இல்தான். டி.என்.ஏ.வின் இரட்டைச் சுருள் வடிவத்தைச் சொன்ன 1953ஆம் ஆண்டுக் கட்டுரை அப்படி யாருக்கும் அனுப்பப்படாமலே வெளியானது. அரசியல் அறிவியல் இன்று இன்னும் ஒரு படி மேலே போயிருக்கிறது. ‘அமெரிக்கன் ஜர்னல் ஆஃப் பொலிட்டிகல் சயன்ஸ்’ இதழில், ஏற்றுக்கொள்ளப்பட்ட கட்டுரையின் தரவையும் கணினி நிரலையும் சம்பந்தமில்லாத வேறொரு நிறுவனம் வாங்கி, எல்லாக் கணக்கையும் முதலிலிருந்து போட்டுப் பார்க்கும் முறையை 2015இல் கொண்டுவந்தார்கள். விடை பொருந்தினால்தான் அச்சு. தொட்டியில் மீன்குஞ்சைக் காட்ட முடியாத துறை, தன் கணக்கையாவது அந்நியர் கையில் கொடுத்துச் சரிபார்க்கக் கற்றுக்கொண்டது.

பெரும்பாலான கட்டுரைகளுக்கு முதல் தடவையே ‘ஏற்கிறோம்’ என்ற பதில் வராது. நல்ல செய்தி என்பதே ‘திருத்தி அனுப்புங்கள்’ என்பதுதான். முன்னணி இதழ்களுக்கு வரும் நூறு கட்டுரைகளில் பத்துகூட அச்சேறுவதில்லை. ஆனால் தள்ளுபடிக் கடிதத்தோடு இரண்டு மூன்று பக்க விமர்சனம் இலவசமாக வரும். முகம் தெரியாத ஒருவர் சம்பளம் இல்லாமல் தன் மாலைப் பொழுதைச் செலவழித்து, ‘உங்கள் மூன்றாம் அட்டவணை உங்கள் முடிவை ஆதரிக்கவில்லை’ என்று எழுதியிருப்பார். அந்த வரியின் மதிப்பு, அடுத்த இதழுக்கு அனுப்பும்போதுதான் தெரியும்.

இதழின் அட்டையில் ஓர் எட்டு இலக்க எண் இருக்கும்; ஐ.எஸ்.எஸ்.என். என்பார்கள். அதற்குள்ளும் ஒரு தந்திரம் ஒளிந்திருக்கிறது. நம் நாட்டுச் சமூக அறிவியலாளர்கள் எல்லோரும் அறிந்த ‘எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி’ 1949இல் சச்சின் சௌத்ரி பம்பாயில் ‘எகனாமிக் வீக்லி’யாகத் தொடங்கியது, 1966இல் இன்றைய பெயரைப் பெற்றது. அதன் எண் 0012-9976. இடமிருந்து வலமாக ஒவ்வோர் இலக்கத்தையும் 8, 7, 6 என்று இறங்குவரிசையில் 1 வரை பெருக்கிக் கூட்டுங்கள். முதல் இரண்டும் சுழியம். பிறகு 1×6 = 6, 2×5 = 10, 9×4 = 36, 9×3 = 27, 7×2 = 14, 6×1 = 6. மொத்தம் 99; பதினொன்றால் மீதமின்றி வகுபடும். எந்த உண்மையான இதழ் எண்ணை எடுத்தாலும் இப்படி வகுபடும். கைதவறி நடுவில் 9-ஐயும் 7-ஐயும் மாற்றி 0012-9796 என்று எழுதிவிட்டால் கூட்டுத்தொகை 97, வகுபடாது. பிழை அங்கேயே பிடிபட்டுவிடும். கடைசி இலக்கம் வெறும் இலக்கமல்ல, முன்னால் உள்ள ஏழுக்கும் காவல்காரர்.

இதழுக்கு எண் இருப்பதுபோல் எழுதுபவருக்கும் உண்டு. தமிழ்நாட்டு மாணவர்களுக்கு இது வரப்பிரசாதம். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, தலைப்பெழுத்துதான். ஒரே ஆளைச் சான்றிதழ் ‘செல்வி கே.’ என்று சொல்லும், ஓர் இதழ் ‘கே. செல்வி’ என்று சொல்லும், வெளிநாட்டு இதழ் தலைப்பெழுத்தை விரித்து அப்பா பெயரிலேயே பதிந்துவிடும். தரவுத்தளத்தில் ஒருவர் மூவராகிவிடுவார். அதே பெயருள்ள இன்னும் நூறு செல்விகளோடு கலந்தும்விடுவார். 2012இல் வந்த ஓர்க்கிட் என்ற 16 இலக்க அடையாள எண் இந்தச் சிக்கலைத் தீர்க்கிறது. பதிவுசெய்யக் காசு கிடையாது. பெயரை எப்படி எழுதினாலும், கல்யாணத்துக்குப்பின் தலைப்பெழுத்து மாறினாலும், கட்டுரைகள் எல்லாம் ஒரே ஆளின் கணக்கில் சேரும். இதன் கடைசி இலக்கமும் காவல்காரர்தான்.

இத்தனை மேடைகளும் எதற்கு, ஒன்று போதாதா என்று தோன்றலாம். விடையை இதே சோழமண்டலக் கரையில் நடந்த ஓர் ஆய்வு காட்டுகிறது. நெதர்லாந்தைச் சேர்ந்த மார்ட்டன் பாவிங்க் 1990களில் இங்குள்ள மீனவ ஊர்களை ஆராய்ந்தார். இந்தக் கடலில் யாருடைய சட்டம் செல்லுபடியாகிறது என்பதே அவர் கேள்வி. 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டப்படி, கரையிலிருந்து மூன்று கடல் மைல், அதாவது சுமார் ஐந்தரை கிலோமீட்டர் வரை இழுவைப் படகு அன்று வரக் கூடாது. அது அரசின் விதி. இழுவைப் படகுக்காரர்களுக்கென்று ஒரு வழக்கம் உண்டு. கட்டுமரக்காரர்களின் ஊர்ப் பஞ்சாயத்துக்கென்று தனி விதிகள் உண்டு. எந்த வலை போடலாம், எது கூடாது என்று அது தீர்ப்பளிக்கும், மீறினால் அபராதம் விதிக்கும். ஒரே கடலில் பல சட்டங்கள் ஒரே நேரத்தில் இயங்குவதைச் சட்டப் பன்மை என்கிறார்கள்.

அந்த ஆய்வு வெளியே வந்த வரிசையைக் கவனியுங்கள். நத்தை வலைக்கு ஊர்கள் விதித்த தடையைப் பற்றிய பகுதி 1996இல் ‘மரைன் பாலிசி’ இதழில்; அதைப் படிப்பவர்கள் மீன்வளக் கொள்கை வகுப்பவர்கள். கட்டுமரத்தில் மோட்டார் ஏறியதும் கடலில் பலம் கைமாறியதைச் சொல்லும் சிறு கட்டுரை 1997இல் ‘எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி’யில், அதன் வாசகர்கள் இந்தியச் சமூக அறிவியலாளர்களும் அதிகாரிகளும். 1998இல் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் முழு ஆய்வேடு, அது தேர்வாளர்களுக்கு. 2001இல் நூல், அது எல்லோருக்கும். ஆய்வேடு முடிவதற்கு முன்பே இரண்டு துண்டுகள் வெளியே போய், அடிவாங்கி, உறுதியாகித் திரும்பியிருக்கின்றன. முழு ஆய்வு அந்த உறுதியின்மேல் எழுந்தது.

இந்தியாவில் ஆய்வேட்டை அலமாரியிலிருந்து விடுவித்த பெரிய ஏற்பாடு ஷோத்கங்கா. குஜராத்தின் காந்திநகரில் உள்ள இன்ஃபிளிப்நெட் மையம் இதை நடத்துகிறது. பல்கலைக்கழகங்கள் முனைவர் பட்ட ஆய்வேடுகளை மின்வடிவில் தர வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2009இல் விதி வகுத்தது. இன்று அங்கே பல லட்சம் ஆய்வேடுகள் குவிந்துள்ளன, தமிழில் எழுதியவையும் சேர்த்து. யாரும் காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். தலைப்பு தேடும் மாணவர் முதலில் தட்ட வேண்டிய கதவு இது.

விதியால் வந்த விளைவுகளும் உண்டு. ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் ஓர் ஆய்விதழ்க் கட்டுரையும் இரண்டு மாநாட்டுக் கட்டுரைகளும் கட்டாயம் என்றது 2016ஆம் ஆண்டு விதி. அவசரத்தில் இருந்த மாணவர்களைக் குறிவைத்து, காசு வாங்கிக்கொண்டு படிக்காமலே அச்சிடும் போலி இதழ்கள் பெருகின. அவற்றை வடிகட்ட நம்பகமான இதழ்களுக்கான ‘கேர்’ பட்டியல் 2018இல் அறிவிக்கப்பட்டது. 2022இல் கட்டாயம் நீங்கியது. 2025இல் பட்டியலும் கைவிடப்பட்டது. இப்போது தேர்ந்தெடுக்கும் பொறுப்பு மாணவருடையது, கைடுடையது. சில அடையாளங்கள் போதும்: கட்டுரையை அனுப்பிய இரண்டே நாளில் ‘ஏற்றுக்கொண்டோம், பணம் கட்டுங்கள்’ என்று பதில் வந்தால் அதை யாரும் படிக்கவில்லை. ஆசிரியர் குழுவில் உள்ளவர்களை விசாரித்தால், தங்கள் பெயர் அங்கே இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. நல்ல இதழ் தாமதிக்கும், கேள்வி கேட்கும், சில சமயம் மனத்தைப் புண்படுத்தும். சோதனைக்கே போகாத ஆய்வுக்கு அச்சு மட்டும் கிடைத்து என்ன பயன்?

மாணவி தன் முடிவைக் கொண்டுபோக வேண்டிய இன்னோர் அவை இருக்கிறது. அது அவருக்கு நேரம் ஒதுக்கிப் பேசிய மீனவ ஊர். ஆங்கிலத்தில் எழுதிய கட்டுரையின் சாரத்தைத் தமிழில் நாலு பக்கத்தில் எழுதி, வலை பின்னும் கூடத்தில் வாசித்துக் காட்டினால், எந்த மாநாட்டு எதிருரையாளருக்கும் தெரியாத திருத்தம் அங்கே கிடைக்கும். எந்த மாதம் எந்தக் காற்று, எந்த ஆண்டு யார் ஊர்த் தலைவர், எந்தத் தீர்ப்பு மீறப்பட்டது என்பதையெல்லாம் அறிந்தவர்கள் அவர்கள். பெயர்களையும் ஊர்களையும் மறைத்து எழுதும் கவனமும் இங்கேதான் சோதிக்கப்படும். பெயரை மாற்றியபின்னும் ‘இது இன்னாராச்சே’ என்று ஒருவர் கண்டுபிடித்துவிட்டால், மறைத்தது போதவில்லை என்று தெரிந்துவிடும். இந்த அவைக்கு இதழ் எண்ணும் இல்லை, சான்றிதழும் இல்லை. நம் பல்கலைக்கழகங்கள் இதையும் மாநாட்டுக்குச் சமமாக மதித்து மதிப்பெண் கொடுக்கும் நாள் வர வேண்டும்.

இந்தக் கரையிலிருந்து மேடைகள் ஒன்றும் தொலைவில் இல்லை. வடக்கே போனால் அடையாறு காந்தி நகரில், மால்கம் ஆதிசேஷய்யா 1971இல் நிறுவிய சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம். அதன் கருத்தரங்குகளும் ஆய்வறிக்கை வரிசையும் அரை நூற்றாண்டாகத் தமிழ்நாட்டு அரசியலையும் பொருளாதாரத்தையும் அலசிவருகின்றன. சேப்பாக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் அரசியல், பொது நிர்வாகத் துறை. தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். தெற்கே போனால் புதுவைப் பல்கலைக்கழகம். முட்டுக்காட்டிலேயே அரசு கலைஞர் பன்னாட்டு அரங்கத்தைக் கட்டத் தொடங்கியிருக்கிறது. உலக மாநாடுகள் அங்கே வரும்போது, ஒரு மூலையில் இந்தக் கடற்கரையைப் பற்றிய போஸ்டரோடு நம் கல்லூரி மாணவர்கள் நிற்க இடம் ஒதுக்க வேண்டும் என்று இப்போதே கேட்டு வைக்கலாம்.

கேள்வி கேட்கும் வாய்ப்பு வாசகருக்கும் உண்டு. முனைவர் பட்டத்தின் கடைசிப் படியான வைவா, தமிழ்நாட்டில் பொது வாய்மொழித் தேர்வாகவே நடக்கிறது. நாள், இடம், தலைப்பு எல்லாம் அறிவிப்புப் பலகையில் முன்கூட்டியே ஒட்டப்படும். மாணவர்களும் ஆய்வாளர்களும் ஆர்வமுள்ளவர்களும் போய் உட்காரலாம், தேர்வாளர் முடித்தபின் கேள்வி கேட்கலாம். வேறு எந்தத் தேர்வு மண்டபம் இப்படிக் கதவைத் திறந்து வைக்கிறது? உங்கள் ஊரின் ஏரி, உங்கள் தொகுதியின் தேர்தல், உங்கள் தெருவின் ஊராட்சி பற்றிய தலைப்பு ஒன்று பலகையில் கண்ணில் பட்டால் போய் உட்காருங்கள். தெரிந்ததைக் கேளுங்கள், தெரியாததையும் கேளுங்கள். அந்த ஆய்வுக்கான சோதனைச்சாலையில் உங்கள் நாற்காலியும் ஒன்று.